பாப்பாவின் பேட்டரி ஜீப் "டிக்" என்று சத்தம் மட்டும் போடுகிறது, நகரவில்லை. பேட்டரியா, சர்க்யூட் போர்டா?

காவேரிப்பட்டணத்து அப்பா
ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு நான்கு வயதானபோது வாங்கிய பேட்டரி ஜீப் ஒன்று வீட்டில் இருக்கிறது. இரண்டு குழந்தைகள் உட்காரலாம், 12 வோல்ட், பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார், காலால் மிதிக்க ஒரு பெடல், கூடவே ரிமோட். இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. எங்கள் வீடு மாந்தோப்பை ஒட்டி இருப்பதால் வாசலில் இருந்து தோப்பு வரைக்கும் மண் பாதையில் ஓட்டிக்கொண்டு போவாள், தம்பி மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள், திரும்பும்போது கீழே விழுந்து கிடக்கும் பெங்களூரா காய்களைப் பொறுக்கிச் சீட்டுக்குப் பின்னால் நிரப்பிக்கொண்டு வருவாள்.

மாங்காய் முடிந்து பள்ளிக்கூடமும் மழையும் வந்ததால் ஆவணியில் ஜீப்பைப் பரணில் ஏற்றிவிட்டோம். பொங்கல் லீவுக்கு இறக்கி, இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் ஆன் செய்தால் முன்விளக்கு எரிகிறது, பாட்டும் பாடுகிறது. பெடலை மிதித்தால் மட்டும் சீட்டுக்கு அடியில் "டிக்" என்று ஒரு சத்தம், வண்டி ஒரு சாண் நகர்ந்து நின்றுவிடுகிறது, பாட்டும் அதோடு நின்று மறுபடி முதலில் இருந்து தொடங்குகிறது. ரிமோட்டில் ஓட்டினாலும் இதே கதை.

மச்சான் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தான், 12.1 காட்டியது, பேட்டரி நன்றாக இருக்கிறது என்றான். டவுனில் ஒரு பொம்மைக் கடையில் கேட்டதற்கு, திறந்துகூடப் பார்க்காமல் போர்டு போய்விட்டது, 2,800 ரூபாய் ஆகும் என்றார்கள். கொடுத்துவிடலாம், ஆனால் மாற்றிய பிறகும் ஓடாவிட்டால் என்ன செய்வது? பாப்பா தினமும் பள்ளி விட்டு வந்ததும் அதில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


யூபிஎஸ் மெக்கானிக், தர்மபுரி
ஞாயிறு, இரவு 10.25

அண்ணா, போர்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொன்னதில் ஒரு விஷயம் எனக்குப் போதும்: மிதித்தவுடன் பாட்டு நின்று முதலில் இருந்து தொடங்குகிறது. மோட்டார் இழுக்கும்போது வோல்ட் அடியோடு விழுகிறது, போர்டு ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் ரிலே என்ற சுவிட்ச் ஒட்டி விடுகிற சத்தம்தான் அந்த "டிக்". போர்டு போயிருந்தால் பெரும்பாலும் பாட்டு பாட்டுக்குப் பாடிக்கொண்டு இருக்கும், வண்டி மட்டும் நிற்கும்.

விளக்கு எரிவதை வைத்து பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்தச் சின்ன எல்இடிக்கும் ஸ்பீக்கருக்கும் ஒரு ஆம்பியரில் சிறு பங்குகூடத் தேவைப்படாது. மோட்டார் இரண்டும் ஆளோடு கிளம்பும்போது பத்து ஆம்பியருக்கு மேல் கேட்கும். நம் ஊர் போர்வெல்லை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் சும்மா இருந்த போரில் காலையில் கயிறு விட்டுப் பார்த்தால் தண்ணீர் மேலே நிற்கும், மோட்டார் போட்ட ஐந்தாவது நிமிடம் காற்றுதான் வரும். ஊற்று இருக்கிறதா என்பது ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பேட்டரியும் அப்படித்தான்.

இன்னொன்று, உங்கள் மச்சான் பார்த்த 12.1 நல்ல அளவே இல்லை. 12 வோல்ட் என்று மேலே எழுதியிருப்பதால் 12 இருந்தால் முழுசு என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். இந்த சீல் செய்த லெட் ஆசிட் (ஈயத் தகடும் ஆசிட்டும் உள்ள) பேட்டரி முழுசாக ஏறி, சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் சும்மா இருந்த பிறகும் 12.8 பக்கம் காட்ட வேண்டும். 12.1 என்றால் பாதிக்கும் கீழே. இரவு முழுவதும் போட்டும் 12.1தான் என்றால் பேட்டரி வாங்கிக்கொள்ளவில்லை, அல்லது சார்ஜர் கொடுக்கவில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய கார் ஹெட்லைட் பல்பு ஒன்று, 55 வாட், எந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். பேட்டரியை வண்டியில் இருந்து கழற்றி, பல்பை அதில் மாட்டுங்கள், நாலரை ஆம்பியர் இழுக்கும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி முனையிலேயே பிடித்து ஒரு நிமிடம் பாருங்கள். நல்ல பேட்டரி 11.5க்கு மேலே நிற்கும். கண் முன்னால் 10, 9 என்று இறங்கினால் விஷயம் முடிந்தது. பல்பு நெருப்பாகச் சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்க வேண்டாம், கல் மேல் வையுங்கள், பாப்பா பக்கத்தில் வர வேண்டாம்.

அப்புறம், சார்ஜர் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். அது முக்கியம்.


பாலக்கோட்டு அம்மா
திங்கள், காலை 6.15

நானும் சொல்ல ஒன்று இருக்கிறது, கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் எங்கள் பையனின் கார் நடு நடுவே நின்றுகொண்டே இருந்தது, பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். பக்கத்தில் இருந்த ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தோம், ஒரே மணி நேரத்தில் சரி செய்துவிட்டோம் என்று கொடுத்தார்கள், 150 ரூபாய்தான், சந்தோஷமாக வாங்கி வந்தோம். மூன்றாவது நாள் வாசலில் ஓட்டிக்கொண்டு இருந்தவன் "அம்மா, சீட் சுடுது" என்றான். தூக்கி இறக்கிவிட்டு சீட்டைத் திறந்தால் புகை, வயர் உருகி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு இருந்தது. வீட்டுக்காரர் துணியைச் சுற்றிக்கொண்டு பேட்டரி முனையைப் பிடுங்கினார்.

பிறகு தெரிந்தவர் பார்த்துச் சொன்னதுதான் விஷயம். பேட்டரி பக்கத்தில் கருப்பு உறைக்குள் இருந்த ஃப்யூஸை எடுத்துவிட்டு வெறும் வயரை முறுக்கி விட்டிருந்தார்கள். அந்த ஃப்யூஸ் சூடானால் தானே கட் ஆகி, ஆறினால் தானே சேருகிற வகை. அதாவது அது வேலையைத்தான் செய்துகொண்டு இருந்தது, வண்டி அதிகமாக இழுக்கிறது என்று சொல்லிக்கொண்டு இருந்தது. உண்மையான குறை கியர்பாக்ஸில், ஒரு பல் உடைந்து சக்கரம் சிக்கிக்கொண்டு இருந்தது. அதைப் பார்க்காமல் ஃப்யூஸைத் தூக்கிவிட்டார்கள்.

யார் ரிப்பேர் செய்தாலும் சரி, வண்டி கைக்கு வந்ததும் சீட்டைத் திறந்து ஃப்யூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். குழந்தை உட்காரும் இடத்துக்கு நேர் கீழேதான் பேட்டரி இருக்கிறது. எனக்கு இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது.


ஓசூர் ஷிப்ட்காரர்
திங்கள், மதியம் 2.50

பேட்டரிதான் போச்சு என்றால் ஒரு யோசனை. கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் டிரில் மெஷினின் 18 வோல்ட் லித்தியம் பேட்டரியை மகனின் காரில் மாட்டினார், வண்டி பறக்கிறது, மேட்டிலும் சும்மா ஏறுகிறது. மண் பாதை என்கிறீர்கள், உங்களுக்கு அந்த வேகம் தேவைப்படும். இல்லை என்றால் பழைய பைக் பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள், வீட்டிலேயே இருக்கும், செலவே இல்லை.


யூபிஎஸ் மெக்கானிக், தர்மபுரி
திங்கள், இரவு 8.05

தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம், அந்த இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரிமோட் உள்ள வண்டியில் போர்டு 12 வோல்ட்டுக்குச் செய்தது, 18 கொடுத்தால் இன்றைக்கு ஓடும், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. ரிலே முனை ஒட்டிக்கொண்டால் பெடலில் இருந்து காலை எடுத்தாலும் வண்டி நிற்காது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது, காலை எடுத்தால் மோட்டாரே இழுத்துப் பிடித்து நிறுத்துவதுதான் பிரேக். அதை வைத்து விளையாடக் கூடாது. கியர் பல் எல்லாம் பிளாஸ்டிக், அதுவும் தாங்காது. லித்தியத்தை இந்த லெட் ஆசிட் சார்ஜரில் மாட்டினால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு, அது வேறு.

பைக் பேட்டரியில் பழைய வகை என்றால் உள்ளே ஆசிட் தண்ணீராகவே இருக்கும், வண்டி கவிழ்ந்தால் ஊற்றும். தோப்புப் பாதையில் ஜீப் சாயாமல் இருக்குமா? குழந்தை வண்டிக்கு சீல் செய்த பேட்டரிதான்.

அதிக நேரம் ஓட வேண்டும் என்றால் வோல்ட்டை ஏற்றாமல் ஏஎச்சை, அதாவது பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவை, ஏற்றலாம். 12 வோல்ட் 7 ஏஎச் இருந்த இடத்தில் அதே 12 வோல்ட்டில் 9 ஏஎச் வகை அநேகமாக அதே அளவிலேயே உட்காரும். வேகம் மாறாது, நேரம் கூடும்.


காவேரிப்பட்டணத்து அப்பா
செவ்வாய், இரவு 9.10

எல்லோருக்கும் நன்றி. பாலக்கோட்டு அக்கா எழுதியதைப் படித்ததும் முதல் வேலையாக சீட்டைத் திறந்து ஃப்யூஸைத்தான் பார்த்தேன், இருக்கிறது. 18 வோல்ட் வேண்டாம் தம்பி, இவள் வேகமாகப் போனால் எனக்குத்தான் பயம்.

பல்பு சோதனை செய்தேன். மாட்டியதும் 11.2, பத்து எண்ணுவதற்குள் 9.6, அப்புறம் 8.4, பல்பு மஞ்சளாக மங்கிவிட்டது. பல்பைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி 12 காட்டுகிறது! நீங்கள் சொன்ன போர்வெல் கதை அப்படியே. நானும் மச்சானும் அந்த 12ஐ நம்பி இரண்டு வாரம் ஏமாந்திருக்கிறோம்.

சார்ஜர் பற்றிக் கேட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வண்டியோடு வந்த சார்ஜர் போன வருடம் ஆனி மாதமே மழையில் நனைந்து போய்விட்டது. பழைய செட்டாப் பாக்ஸ் அடாப்டர் ஒன்று இருந்தது, அதிலும் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றுதான் போட்டிருக்கிறது, சார்ஜிங் பின்னும் சரியாகப் பொருந்தியது, அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறேன். பரணில் ஏற்றுவதற்கு முன்னால் கடைசியாகப் போட்டதும் அதில்தான். அது தப்பா?


யூபிஎஸ் மெக்கானிக், தர்மபுரி
செவ்வாய், இரவு 10.30

அண்ணா, அதுதான் பேட்டரியைக் கொன்றது. உங்கள் மேல் குறை இல்லை, வாரத்துக்கு ஒருவராவது இப்படி என்னிடம் வருகிறார்கள், வைஃபை ரூட்டர் அடாப்டர், சிசிடிவி கேமரா அடாப்டர், செட்டாப் பாக்ஸ் அடாப்டர். எல்லாவற்றிலும் 12 வோல்ட் என்று எழுதியிருக்கிறது, பின்னும் மாட்டுகிறது, யாராக இருந்தாலும் போடத்தான் செய்வார்கள்.

செட்டாப் பாக்ஸுக்குச் செய்த அடாப்டர் 12 வோல்ட்டைத் தாண்டாமல் கட்டுப்படுத்திக் கொடுக்கும், அதற்கு அதுதான் தேவை. ஆனால் 12 வோல்ட் பேட்டரிக்குள் மின்சாரம் ஏற வேண்டும் என்றால் வெளியில் இருந்து அதைவிட அதிகமாகத் தள்ள வேண்டும். கீழ்த்தொட்டியில் இருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறீர்கள், பைப் வாய் பாதி உயரத்தில் இருந்தால் பாதிக்கு மேல் எப்படி நிறையும்? லெட் ஆசிட் சார்ஜர் பெயருக்குத்தான் 12 வோல்ட், சார்ஜ் ஏறி முடிகிற நேரத்தில் பேட்டரி முனையில் 14 வோல்ட் பக்கம் கொண்டுபோகும். உங்கள் அடாப்டரில் ஏழு மாதமாக பேட்டரி பாதி வயிற்றோடுதான் இருந்திருக்கிறது. அதில் ஐந்து மாதம் அந்தப் பாதியோடு பரணில். லெட் ஆசிட் பேட்டரி காலியாகவோ பாதியாகவோ கிடந்தால் தகட்டின் மேல் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும், அப்புறம் அந்த இடம் வேலை செய்யாது.

ஒரு தடவை சரியான சார்ஜரில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். பக்கத்தில் யூபிஎஸ் பேட்டரி விற்கும் கடை எதிலாவது கொடுத்துப் போடச் சொல்லுங்கள். 7 ஏஎச் பேட்டரி 1 ஆம்பியர் சார்ஜரில் நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆக வேண்டும். ஒரு மணி நேரத்திலேயே நிறைந்துவிட்டது என்று காட்டினால் அதில் இடமே இல்லை என்று அர்த்தம், புதிது வாங்கிவிடுங்கள். யூடியூபில் மூடியைப் பெயர்த்து தண்ணீர் ஊற்றிப் பிழைக்க வைப்பதாகக் காட்டுகிறார்கள், செய்யாதீர்கள், அதற்குள் ஆசிட் இருக்கிறது, குழந்தை இருக்கும் வீடு.

புதிது வாங்கும்போது பொம்மைக் கடைக்குப் போக வேண்டாம், வீட்டு யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரியும் இதுவும் ஒன்றேதான். பழையதைக் கொடுத்துவிட்டு வாங்குங்கள், ஈயம் இருப்பதால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், குப்பையில் போடக் கூடாது. கூடவே லெட் ஆசிட் பேட்டரிக்கு என்றே போட்ட சார்ஜர் ஒன்று. சார்ஜர் வாங்காமல் பேட்டரி மட்டும் வாங்கினால் அடுத்த பொங்கலுக்கு இதே கேள்வியைக் கேட்பீர்கள். மாட்டும்போது சிவப்பு, கருப்பு மாறக் கூடாது, மாறினால் அன்றைக்குத்தான் போர்டு நிஜமாகவே போகும்.


காவேரிப்பட்டணத்து அப்பா
வெள்ளி, இரவு 8.45

கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் ஒரு யூபிஎஸ் கடையில் போட்டுப் பார்த்தார்கள். நீங்கள் சொன்ன மாதிரியே முக்கால் மணி நேரத்தில் சார்ஜரில் பச்சை விளக்கு வந்துவிட்டது, பல்பு மாட்டினால் அரை நிமிடத்தில் 8க்குக் கீழே. புதிய பேட்டரி வாங்கினேன், பழையதை எடுத்துக்கொண்டு கொஞ்சம் குறைத்தார்கள், சார்ஜரும் சேர்த்து போர்டுக்குக் கேட்ட பணத்தில் பாதிதான் ஆனது. இரவு போட்டு, காலையில் கழற்றி, மதியம் அளந்தேன், 12.9.

ஜீப் ஓடுகிறது! பாப்பா வாசலில் நான்கு சுற்று சுற்றினாள்.

ஆனால் முழுசாகச் சரியாகவில்லை. சிமெண்ட் வாசலில் ஓடுகிறது, தோப்புப் பாதையில் இறங்கியதும் திணறுகிறது, ஐந்து நிமிடத்தில் தானாக நின்று, ஆறிய பிறகு ஓடுகிறது. கவனித்துப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, இடது சக்கரம் மட்டும் மண்ணைத் தோண்டுகிறது, வலது சக்கரம் சும்மா கூடவே உருளுகிறது. மோட்டார் போச்சா?


பர்கூர் வாத்தியார்
சனி, காலை 7.20

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பேரனுக்காக இப்படி ஒரு வண்டியை மூன்று தடவை பிரித்து மாட்டியவன் என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு மோட்டார் செய்ய வேண்டிய வேலையை ஒன்றே செய்கிறது, அதனால்தான் சூடாகி ஃப்யூஸ் கட் ஆகிறது. ஃப்யூஸைத் தொடாதீர்கள், வலது பக்கத்தைப் பாருங்கள். அங்கே மூன்று இடத்தில் குறை இருக்கலாம்: மோட்டார், அதை ஒட்டிய கியர்பாக்ஸ், மோட்டாருக்கு வரும் வயர்.

பின்பக்கத்தை இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், சக்கரம் தரையில் படக் கூடாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல கியர்பாக்ஸ் என்றால் சுற்ற முடியும், ஆனால் கையை எதிர்க்கும், உள்ளே மோட்டார் சேர்ந்து சுற்றுகிற சத்தம் கேட்கும். வலது சக்கரம் எந்த எதிர்ப்பும் இல்லாமல் சைக்கிள் சக்கரம் மாதிரி சுற்றினாலோ கடகட என்று பல் தாண்டினாலோ கியர் போய்விட்டது. பேட்டரியை மறுபடி மாட்டி, பெடலை மிதிக்கும்போது மோட்டார் சத்தம் மட்டும் வந்து சக்கரம் சுற்றாமல் இருந்தாலும் அதே கியர்தான். சத்தமே வராவிட்டால் மோட்டார் அல்லது வயர்.

அதையும் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. மோட்டார் இரண்டுக்கும் வரும் பிளக்கைக் கழற்றி, முடிந்தால் இடம் மாற்றி மாட்டுங்கள், வலது மோட்டாருக்கு இடது வயர், இடது மோட்டாருக்கு வலது வயர். இப்போது மிதித்தால் வலது மோட்டார் சுற்றி இடது நின்றுவிட்டால் மோட்டார் நல்லது, குறை வயரில். வலது மோட்டார் அப்போதும் சுற்றாவிட்டால் அது மோட்டார்தான். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் கவலைப்பட வேண்டாம், சுற்றுகிறதா என்பது மட்டும்தான் நமக்குக் கேள்வி.

வயரில் சந்தேகம் வந்தால் மீட்டரை வைத்து 12 இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், மெக்கானிக் தம்பி சொன்ன அதே போர்வெல் சங்கதி இங்கேயும் உண்டு. பத்து இழை உள்ள வயரில் ஒன்பது அறுந்து ஒரு இழை ஒட்டிக்கொண்டு இருந்தாலும், மோட்டார் மாட்டாத முனையில் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். மோட்டார் மாட்டி, மிதித்துக்கொண்டே அளந்தால்தான் உண்மை தெரியும்.


காவேரிப்பட்டணத்து அப்பா
ஞாயிறு, மதியம் 1.30

ஐயா, உங்கள் வழியில் அப்படியே செய்தேன், ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

கையால் சுற்றியபோது இரண்டு சக்கரமும் ஒரே மாதிரி எதிர்த்தது, கியர் நல்லது. பிளக்கை மாற்றி மாட்டியதும் வலது மோட்டார் ஜம் என்று சுற்றியது, இடது நின்றுவிட்டது. அப்போதே பாதி நிம்மதி. வலது வயரைத் திறந்த முனையில் அளந்தால் 12.6, மோட்டாரை மாட்டி மிதித்துக்கொண்டு அளந்தால் 2.3! வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன், அச்சுக்கு மேலே, வண்டியின் அடிப்பக்கம் வளைகிற இடத்தில், எலி. தோலை முழுசாகக் கடித்து, செம்பு இழைகளையும் கடித்து, இரண்டே இரண்டு இழை ஒட்டிக்கொண்டு இருந்தது. பரணில் நெல் மூட்டை இருக்கிறது, எலி வரும் என்று தெரியும், ஜீப் வயரைத் தின்னும் என்று நினைக்கவில்லை. பக்கத்து வயரில்கூடப் பல் பட்ட தடம் இருக்கிறது.

இப்போதைக்குத் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் இழுக்கிறது, தோப்பின் கடைசி வரை போய்த் திரும்பினாள். டேப் சுற்றியதே போதுமா, சாலிடர் வைக்க வேண்டுமா?


யூபிஎஸ் மெக்கானிக், தர்மபுரி
ஞாயிறு, மாலை 5.40

நல்ல வேலை செய்தீர்கள் அண்ணா. வெறும் முறுக்கு வேண்டாம், மண் பாதையில் அதிர்ந்து அதிர்ந்து தளரும், தளர்ந்தால் அந்த இடம் சூடாகும். கடித்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு அதே தடிமன் உள்ள புது வயர் ஒரு சாண் சேர்த்து, இரண்டு முனையும் சாலிடர் வைத்து, மேலே ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்குகிற பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். ஸ்லீவை வயரில் நுழைத்த பிறகு சாலிடர் வையுங்கள், முதல் தடவை எல்லோரும் மறப்பது இதைத்தான். பல் தடம் உள்ள பக்கத்து வயருக்கும் ஸ்லீவ். அச்சில் உரசாமல் ஒரு கேபிள் டை போட்டு மேலே கட்டிவிடுங்கள்.

அப்புறம் அந்த மாங்காய் பாரம். வண்டியின் அடியிலோ அட்டைப் பெட்டியிலோ எத்தனை கிலோ என்று போட்டிருக்கும், பாருங்கள். இரண்டு குழந்தைகளே நாற்பது கிலோ தொடுவார்கள், அதற்கு மேல் காய். எலி இல்லாமலே இந்த மோட்டார்கள் ஒருநாள் கருகியிருக்கும்.


பாலக்கோட்டு அம்மா
ஞாயிறு, இரவு 7.50

படித்ததும் சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டில் இப்போது வண்டியைப் பரணில் ஏற்றுவது இல்லை, ஏற்றினால் கண்ணில் படாது, கண்ணில் படாவிட்டால் சார்ஜ் போட மறந்துவிடும். பேட்டரியை மட்டும் கழற்றி, முழுசாக ஏற்றி, அலமாரியில் வைத்துக்கொள்கிறோம், மாதம் ஒருமுறை சார்ஜ். வண்டி திண்ணையில் சாக்கு மூடிக் கிடக்கிறது.


காவேரிப்பட்டணத்து அப்பா
திங்கள், இரவு 9.00

சாலிடர் முடிந்தது, ஸ்லீவும் போட்டாயிற்று. முதல் தடவை ஸ்லீவை நுழைக்க மறந்து மறுபடி பிரித்தேன். பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 40 கிலோ வரைக்கும்தான் என்று போட்டிருக்கிறது. இனி தம்பி மகன் ஏறினால் காய் கிடையாது, காய் ஏற்றினால் அவன் நடந்து வர வேண்டும் என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அவள் இதுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

சார்ஜ் விஷயத்துக்கு என் அம்மா ஒரு வழி சொன்னார். மாதா மாதம் அமாவாசைக்கு என் பைக்குக்கு எலுமிச்சை கட்டி, பூ போட்டு, சூடம் காட்டுகிறோம், அன்றைக்கே ஜீப்புக்கும் சேர்த்து பூ வைத்து பேட்டரியை சார்ஜில் போட்டுவிடுவது என்று. பாப்பா ஜீப்புக்குத் தனி எலுமிச்சை வேண்டும் என்கிறாள். செட்டாப் பாக்ஸ் அடாப்டரின் பின்னை வெட்டி எறிந்துவிட்டேன்.